வாய்விட்டு யோசிப்போம்: கணனி வேலை நேர்முகப் பரீட்சைக்கு ஓர் ஆயத்தம்

நாட்டை விட்டு வந்த எம்மவரில் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் தொழிற்சாலை லைன்களில் நிற்கிறோம். பெட்டி கட்டுகிறோம், லேபிள் ஒட்டுகிறோம், இரவு பதினொரு மணிக்குப் போய்க் காலை ஏழு மணிக்குத் திரும்புகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு வாடகையும், பிள்ளைகளின் சப்பாத்தும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் காசும் இந்த லைனில் இருந்துதான் வருகின்றன. ஆனால் முப்பது வயதில் தாங்குகிற முதுகு ஐம்பது வயதிலும் தாங்குமா என்ற கேள்வி எம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் எம்மில் சிலர் வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய, கணனி புரோகிராமிங் படிக்கிறோம்.

படிப்பது ஒரு பாதிதான். படித்து முடித்த எத்தனையோ பேர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த இடம் நேர்முகப் பரீட்சை. வீட்டில் தனியே இருந்து செய்யும்போது சரியாக வரும் கணக்கு, முன்னால் ஒருவர் இருந்து பார்க்கும்போது வருவதில்லை. இது மூளைக் குறைபாடு அல்ல, பயிற்சிக் குறைபாடு. அதைத் திருத்தலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எழுதுகிற நாம் பேராசிரியர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் ஒரு குசினி மேசையைச் சுற்றியிருந்து கணக்குச் செய்து பார்ப்பவர்கள். அப்படிச் செய்ததில் எமக்குப் பிடிபட்டவற்றைப் புதிதாக வந்த குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறோம்.

அங்கே என்ன நடக்கிறது?

ஒரு புரோகிராமர் வேலைக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு கட்டங்கள் இருக்கும். முதலில் ரெலிபோனில் ஒரு சிறு பேச்சு. அடுத்தது கணனியிலேயே நேரம் குறித்துச் செய்யும் ஒரு சோதனை. அதன்பின், அதே வேலையைச் செய்யும் ஒருவர் எம்மோடு முக்கால் மணித்தியாலம் அல்லது ஒரு மணித்தியாலம் இருந்து ஒரு சிறு கணக்கைத் தந்து, "செய்து காட்டுங்கள்" என்பார். கடைசியில் எமது பழைய வேலைகளைப் பற்றிய கேள்விகள் வரும்.

ஒரு காலத்தில் பெரிய கம்பனிகள் விடுகதை போன்ற கேள்விகளைக் கேட்டன. ஒரு ஆகாய விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்றவை. அக்காலத்தில் கூகிள் கம்பனியின் ஆளணிப் பகுதிக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பொக், 2013 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், அப்படிப்பட்ட கேள்விகள் நேரத்தை வீணாக்குவன, அவற்றால் யார் நல்ல வேலையாள் என்று கண்டுபிடிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆகவே விடுகதைகளைப் பாடமாக்கிக்கொண்டு திரிய வேண்டாம். இன்று அதிகம் கேட்கப்படுவது சிறிய, செய்து முடிக்கக்கூடிய கணக்குகள்தான். அவற்றை நாம் எப்படி அணுகுகிறோம் என்பதையே முன்னால் இருப்பவர் பார்க்கிறார்.

நாம் எங்கே இடறுகிறோம்?

ஊரில் நாம் எப்படிப் படித்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய வினாத்தாள்களைச் செய்தோம். ரியூசனில் வாத்தியார் சொன்னதைக் கொப்பியில் எழுதினோம். பரீட்சை மண்டபத்தில் வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்பது மரியாதை அல்ல. விடை தெரிந்தால் சொல்வது, தெரியாவிட்டால் தலையைக் குனிந்து நிற்பது. எம்மை இப்படித்தான் வளர்த்தார்கள்.

இங்கே நடப்பது இதற்கு நேர்மாறு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எமது தலைக்குள் ஓடுவது தெரியாது. நாம் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால், மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், அவருடைய தாளில் ஒன்றும் எழுதப்படாது. நாம் கேள்வி கேட்டால் அவர் கோபிக்க மாட்டார். மாறாக, சிலர் கணக்கை வேண்டுமென்றே அரைகுறையாகத் தருவது நாம் கேட்கிறோமா என்று பார்ப்பதற்குத்தான். அரைவாசியில் கணக்கையே மாற்றியும் விடுவார்கள். பாடமாக்கியவர் அந்த இடத்தில் விழுந்துவிடுவார்.

ஆகவே நாம் பழக வேண்டியது ஒன்றே ஒன்று: வாய்விட்டு யோசிப்பது.

ஐந்து படிகள்

ஜோர்ஜ் பொல்யா என்று ஒரு கணித அறிஞர் இருந்தார். ஹங்கேரியில் பிறந்து, சுவிற்சர்லாந்தில் படிப்பித்து, ஐரோப்பாவில் யுத்தம் பரவிய 1940 இல் அமெரிக்காவுக்குப் போனவர். 1945 இல் அவர் வெளியிட்ட சிறு நூலொன்றில், எந்தக் கணக்கையும் நான்கு கட்டங்களாகச் செய்யலாம் என்றார்: கணக்கை விளங்கிக்கொள், திட்டம் போடு, செய், திரும்பிப் பார். கணனி நேர்முகப் பரீட்சைக்கு இதையே நாம் ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, கேளுங்கள். என்ன தருகிறார்கள், என்ன வேண்டும், எவ்வளவு பெரியது என்று கேட்டுத் தெளிவடையுங்கள்.
இரண்டு, ஒரு சிறு உதாரணத்தைத் தாளில் எழுதிக் கையால் செய்து பாருங்கள்.
மூன்று, மிக எளிய வழியை முதலில் சொல்லுங்கள். மெதுவானதாக இருந்தாலும் பரவாயில்லை.
நான்கு, அந்த வழியில் எங்கே வேலை வீணாகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். அதன்பின் எழுதுங்கள்.
ஐந்து, எழுதியதை நீங்களே சோதியுங்கள். முக்கியமாக ஓரங்களில் சோதியுங்கள்.

சும்மா படியை வாசித்துப் பயனில்லை. மூன்று கணக்குகளைச் செய்து பார்ப்போம். மூன்றும் நேர்முகப் பரீட்சைகளில் பல காலமாகக் கேட்கப்பட்டு வருபவை.

முதற் கணக்கு: ஃபிஸ்பஸ்

இது ஆங்கிலேயப் பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றிலிருந்து வந்தது. 2007 இல் இருந்து புரோகிராமர்களிடையே பிரபலமாகியது. கணக்கு இதுதான். 1 முதல் 100 வரை எண்களை அச்சிட வேண்டும். 3 ஆல் பிரிபடும் எண்ணுக்குப் பதிலாக "ஃபிஸ்" என்றும், 5 ஆல் பிரிபடும் எண்ணுக்குப் பதிலாக "பஸ்" என்றும், இரண்டாலும் பிரிபட்டால் "ஃபிஸ்பஸ்" என்றும் வர வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. "3 ஆல் பிரிபடுமா?" என்று முதலில் கேட்டால், 15 வந்தவுடன் கணனி "ஃபிஸ்" என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடும். ஆகவே இரண்டாலும் பிரிபடுமா என்ற கேள்வியைத்தான் முதலில் வைக்க வேண்டும். லைனில் தரம் பார்க்கும்போது மிக இறுக்கமான சோதனையை முதலில் வைப்பது போலத்தான் இதுவும்.

எழுதி முடித்தபின் எப்படிச் சோதிப்பது? 100 வரிகளையும் வாசிக்க வேண்டியதில்லை. 3 ஆல் பிரிபடுபவை 33. 5 ஆல் பிரிபடுபவை 20. இரண்டாலும் பிரிபடுபவை 6. ஆகவே 33 உம் 20 உம் 53, அதில் இரண்டு தரம் எண்ணப்பட்ட 6 ஐக் கழித்தால் 47. 47 வரிகளில் சொல் வரவேண்டும், மீதி 53 வரிகளில் எண் வரவேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவு சின்னக் கணக்கிலும் தன் வேலையைத் தானே சரிபார்க்கிற ஆள் இவர் என்று முன்னால் இருப்பவர் குறித்துக்கொள்வார்.

இரண்டாம் கணக்கு: இரண்டு பெட்டிகள்

இது எமக்கு நெருக்கமான கணக்கு. பல பெட்டிகளின் நிறைகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. கூட்டினால் சரியாக 50 கிலோ வரும் இரண்டு பெட்டிகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எமது மேசையில் இதை ஒருவர் கேட்பவராகவும் ஒருவர் செய்பவராகவும் இருந்து பழகினோம். பேச்சு இப்படிப் போனது.

"அண்ணை, முதல் ஒரு கேள்வி. ஒரே பெட்டியை ரெண்டு தரம் எடுக்கலாமோ?"

"இல்லைத் தம்பி. வேற வேற பெட்டியாய் இருக்க வேணும்."

"ஒரே நிறையிலை ரெண்டு பெட்டி இருக்குமோ?"

"இருக்கலாம்."

"அப்பிடி ஒரு சோடியும் இல்லாட்டி?"

"இல்லை எண்டு சொன்னால் போதும்."

"சரி. 12, 25, 30, 38, 20 எண்டு அஞ்சு பெட்டி வைப்பம். 12 உம் 38 உம் ஐம்பது. முதல் சுகமான வழியைச் சொல்லுறன் அண்ணை. ஒவ்வொரு பெட்டியையும் மற்ற எல்லாப் பெட்டியோடையும் கூட்டிப் பாக்கலாம்."

"ஆயிரம் பெட்டி இருந்தால் எத்தனை தரம் கூட்டுவாய்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆயிரம் பெட்டிகளில் 4,99,500 சோடிகள் இருக்கின்றன. ஒரு இலட்சம் பெட்டிகள் என்றால் ஏறக்குறைய 500 கோடிச் சோடிகள். இங்கேதான் நான்காம் படி வருகிறது. எங்கே வேலை வீணாகிறது? 38 கிலோப் பெட்டியைக் கையில் எடுத்தவுடன் எமக்குத் தேவையானது 12 கிலோதான் என்பது ஏற்கெனவே தெரியும். பிறகு ஏன் எல்லாப் பெட்டிகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும்?

ஆகவே ஒரு கொப்பியை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, "50 இல் இதைக் கழித்தால் வரும் நிறை கொப்பியில் இருக்கிறதா?" என்று பார்ப்போம். இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் இந்த நிறையைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவோம். 12 ஐ எடுத்தால் 38 கொப்பியில் இல்லை, 12 ஐ எழுதுவோம். 25 க்கு இன்னொரு 25 இல்லை, எழுதுவோம். 30 க்கு 20 இன்னும் வரவில்லை, எழுதுவோம். 38 வருகிறது, 12 கொப்பியில் இருக்கிறது. முடிந்தது. ஆயிரம் பெட்டி என்றாலும் ஆயிரம் தரம் பார்த்தால் போதும்.

அந்தக் கொப்பிக்குக் கணனி உலகில் ஹாஷ் ரேபிள் என்று பெயர். பைதன் மொழியில் டிக்ஷனரி என்பார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டாமல் தேடியதை உடனே எடுத்துத் தருவதுதான் அதன் சிறப்பு. இதற்கு நாம் கொடுக்கும் விலை, கொப்பிக்கான இடம். "நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன், ஆனால் கணனியின் நினைவில் கூடுதல் இடம் எடுக்கிறேன்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். முன்னால் இருப்பவர் கேட்கக் காத்திருப்பது இந்த வசனத்தைத்தான்.

ஓரமும் ஒன்று இருக்கிறது. முதலில் கொப்பியைப் பார்த்து, பிறகுதான் எழுத வேண்டும். மாறிச் செய்தால் தனியாக இருக்கும் ஒரு 25 கிலோப் பெட்டி தன்னோடு தானே சோடி சேர்ந்துவிடும். தம்பி முதலில் கேட்டாரே, "ஒரே பெட்டியை ரெண்டு தரம் எடுக்கலாமோ" என்று, அந்தக் கேள்வியின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது.

மூன்றாம் கணக்கு: அடைப்புக்குறிகள்

வளைவு, சதுரம், இரட்டை வளைவு என மூன்று வகை அடைப்புக்குறிகள் கலந்து ஒரு வரியில் வருகின்றன. எல்லாம் ஒழுங்காகத் திறந்து மூடப்பட்டிருக்கின்றனவா என்று சொல்ல வேண்டும். வளைவைத் திறந்து, சதுரத்தைத் திறந்து, சதுரத்தை மூடி, வளைவை மூடினால் சரி. வளைவைத் திறந்து, சதுரத்தைத் திறந்து, வளைவை முதலில் மூடினால் பிழை.

றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். கழுவிய கோப்பைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கடைசியாக வைத்த கோப்பைதான் முதலில் கைக்கு வரும். கணனியிலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு, ஸ்ராக் என்பார்கள். திறக்கும் குறி வந்தால் அடுக்கின் மேல் வையுங்கள். மூடும் குறி வந்தால் மேலே இருப்பதை எடுத்து, இரண்டும் ஒரே வகையா என்று பாருங்கள். வேறு வகை என்றால் பிழை.

ஓரங்கள் மூன்று. அடுக்கு வெறுமையாக இருக்கும்போது மூடும் குறி வந்தால் பிழை. வரி முடிந்தபின் அடுக்கில் ஏதாவது மிஞ்சியிருந்தால் பிழை. வரியே வெறுமையாக இருந்தால்? அதை எப்படிக் கொள்வது என்று கேட்க வேண்டும். பலர் முதலாவதையும் இரண்டாவதையும் மறந்துவிடுகிறார்கள். கணக்குத் தெரியாமல் அல்ல, சோதிக்காமல்.

சோதிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

பெரிய ரெலிபோன் டிரெக்ரரியில் ஒரு பெயரைத் தேடுவதென்றால் நடுவில் திறந்து, பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று பார்த்து, மற்றப் பாதியைத் தள்ளிவிடுகிறோம். இதுவே பைனரி சேர்ச். பத்து இலட்சம் பெயர்கள் இருந்தாலும் 20 தரம் பார்த்தால் போதும். கேட்கச் சுகமானது. ஆனால் 1986 இல் வெளிவந்த "புரோகிராமிங் பேர்ள்ஸ்" என்ற நூலில் ஜோன் பென்ற்லி எழுதியிருப்பதைப் பாருங்கள். தொழில்முறைப் புரோகிராமர்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து இதை எழுதச் சொன்னபோது, பத்தில் ஒன்பது பேர் அளவில் எழுதியதில் பிழை இருந்தது.

அத்தோடு முடியவில்லை. ஜாவா மொழியோடு கூடவே வந்த பைனரி சேர்ச்சில் ஒரு பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் மறைந்திருந்து, 2006 இல்தான் வெளியில் தெரிய வந்தது. அதை உலகுக்கு அறிவித்தவர் அதை எழுதிய ஜோஷுவா புளொக் தான். நடுவைக் காண இரண்டு பெரிய எண்களைக் கூட்டும்போது, கூட்டுத்தொகை கணனி ஏற்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதே அந்தப் பிழை.

இதை வாசித்துப் பயப்பட வேண்டாம், ஆறுதல் அடையுங்கள். பட்டம் பெற்றவர்களும் பிழை விடுகிறார்கள். ஒரு வேலையாளை நம்பத் தகுந்தவராக ஆக்குவது, பிழையைத் தேடிப் பார்க்கிற பழக்கம். அந்தப் பழக்கம் எமக்குப் புதிதல்ல.

லைனில் படித்தது வீண் போகாது

கடைசிக் கட்டத்தில், "வேலைத்தலத்தில் ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். கணனி வேலை செய்த அனுபவம் இல்லையே என்று எம்மவர் வாய் மூடி விடுகிறார்கள். லைனில் லேபிள் கோணலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்கிறோம்? லைனின் நடுவில் போய்ப் பார்க்கிறோம். அங்கே சரியாக இருந்தால் பிழை அதற்குப் பின்னால். அங்கேயே கோணல் என்றால் பிழை அதற்கு முன்னால். மேலே சொன்ன பைனரி சேர்ச் இதுதானே! ஒரு புரோகிராமில் பிழை தேடுவதும் இப்படித்தான்.

இதை நான்கு வசனத்தில் சொல்லப் பழகுங்கள். நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன. எண் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் லைன் நின்றது, எத்தனை பெட்டி திரும்பி வந்தது என்று. இல்லாததைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

வாயில் வரவேண்டிய சில வசனங்கள்

வாய்விட்டு யோசிப்பது என்றால் ஆங்கிலத்தில் யோசிப்பது. இது எமக்குப் பெரிய மலை. ஆனால் நீண்ட பேச்சு வேண்டாம். சில சிறு வசனங்களை நாக்கில் ஏற்றி வைத்தால் போதும்.

"மே ஐ ஆஸ்க் எ குவெஸ்சன் ஃபெர்ஸ்ற்?" முதலில் ஒரு கேள்வி கேட்கலாமா?
"குட் யூ சே தற் அகெய்ன், பிளீஸ்?" தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள்.
"கிவ் மீ எ மினிற் ரு திங்க்." யோசிக்க ஒரு நிமிடம் தாருங்கள்.
"லெற் மீ ட்ரை எ ஸ்மோல் எக்சாம்பிள்." ஒரு சிறு உதாரணம் செய்து பார்க்கிறேன்.
"திஸ் வேர்க்ஸ், பட் இற் இஸ் ஸ்லோ." இது சரிவரும், ஆனால் மெதுவானது.

முதலில் தமிழில் வாய்விட்டு யோசிக்கப் பழகுங்கள். அது வந்தபின் அதே கணக்கை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டும் வராது. வீட்டில் ஏழாம், எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் அவரை இன்ரர்வியூ எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் விளையாட்டு, உங்களுக்கும் கூச்சம் போகும்.

நேரமும் காசும்

கிழமையில் நான்கு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம், வேறொருவரோடு இருந்து மாதிரி நேர்முகப் பரீட்சை. இப்படிப் பன்னிரண்டு கிழமை செய்தால் 48 கணக்குகள். ஐந்நூறு கணக்கை ஓடிப் பார்த்தவரைவிட, ஐம்பதைப் பேசிப் பேசிச் செய்தவர் உறுதியாக நிற்பார் என்பது நாம் கண்ட உண்மை. முதல் வரைவை எப்போதும் தாளில் எழுதுங்கள். சிறு பிள்ளை வைத்திருக்கும் சகோதரிகள் இருவர் சேர்ந்தால், ஒருவர் படிக்கும்போது மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

இதற்குக் காசு வேண்டியதில்லை. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. ரொறன்ரோவில் வசிப்பவருக்கு அட்டை இலவசம், கணனியும் இலவசம். ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற ஆரம்பப் பாடத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஃப்ரீகோட்காம்ப் 2014 இல் இருந்து இலவசமாகக் கற்பிக்கிறது. "மூன்று மாதத்தில் வேலை நிச்சயம்" என்று ஆயிரக்கணக்கில் டொலர் கேட்பவர்களிடம் கையெழுத்து வைப்பதற்கு முன், அந்த "நிச்சயம்" என்ற சொல்லை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

உண்மையையும் சொல்லவேண்டும். 2021 இல் இருந்ததுபோல இன்று ஆரம்ப வேலைகள் மலிந்து கிடக்கவில்லை. பட்டம் கேட்கும் இடங்கள் பல. பட்டம் இல்லாதவர் புரோகிராமர் வேலைக்கு மட்டுமன்றி, மென்பொருளைச் சோதிக்கும் வேலை, வாடிக்கையாளருக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் வேலை ஆகியவற்றுக்கும் விண்ணப்பிப்பது புத்தி. வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை தொழிற்சாலை வேலையை விட வேண்டாம்.

செயற்கை அறிவே புரோகிராம் எழுதும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அது எழுதித் தருவதில் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். நாம் பழகுவது அந்த வேலையைத்தான். ஆனால் அனுமதி கேட்காமல் நேர்முகப் பரீட்சையில் அதைப் பாவிக்க வேண்டாம்.

உங்கள் உரிமை

நீங்கள் கனடாவில் சட்டப்படி வேலை செய்யத் தகுதி உள்ளவரா என்று கேட்கலாம். அதற்கு மேல், எந்தச் சமயம், எங்கே பிறந்தீர்கள், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்பவற்றுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பனிகள், 2026 ஜனவரி 1 முதல், பொது விளம்பரத்தில் "கனடிய அனுபவம் வேண்டும்" என்று கேட்க முடியாது. சம்பள அளவையும் குறிப்பிட வேண்டும். நேர்முகப் பரீட்சைக்குப் போனவருக்கு, ஆள் எடுக்கும் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை 45 நாட்களுக்குள் அறிவிக்கவும் வேண்டும். ஆகவே பதிலுக்குக் காத்துக் காத்து உருகாமல், திகதியைக் கலண்டரில் குறித்து வைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

இதை நாளைக்கு என்று வைக்காமல் இன்றே செய்யுங்கள். ஒரு கிழமைக்கான உங்கள் ஷிஃப்ற் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்ற்றுக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. ஏஜென்சி இரண்டு ஷிஃப்ற்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறதா என்று கணனி சொல்ல வேண்டும்.

முதலில் கேளுங்கள்: மூன்று மணிக்கு ஒன்று முடிந்து மூன்று மணிக்கே மற்றது தொடங்கினால் அது மோதலா? நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ற்றை எப்படி எழுதுவது? பிறகு நாலு ஷிஃப்ற் போட்டுக் கையால் செய்யுங்கள். எளிய வழி, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடுவது. திருத்த வேண்டுமானால், தொடங்கும் நேரப்படி அடுக்கிவிட்டுப் பக்கத்தில் இருப்பதோடு மட்டும் ஒப்பிட்டால் போதுமா, ஏன் போதும் என்று யோசியுங்கள்.

வாய்விட்டு யோசியுங்கள். வீட்டில் ஒருவர் எதிர்க் கதிரையில் இருந்து கேட்கட்டும்.